நத்தார் விருந்துக்கு வைன்: ஆட்டிறைச்சிக் கறியும் வான்கோழியும் ஒரே மேசையில் இருந்தால் எந்தப் போத்தலை வாங்குவது?

சில வருசங்களுக்கு முதல் ஸ்காபரோவில் மனைவியின் மாமா வீட்டு நத்தார் விருந்துக்கு 40 டொலர் கொடுத்து ஒரு அவுஸ்திரேலிய ஷிராஸ் கொண்டுபோனேன். இறைச்சிக்குச் சிவப்பு வைன் என்று எங்கேயோ வாசித்த தைரியம்தான். மாமா ஆட்டிறைச்சிக் கறியில் ஒரு துண்டை வாயில் போட்டு, அதன்மேல் ஒரு மிடறு குடித்து, கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டு, "தம்பி, இது கறியைவிட உறைக்குதடாப்பா" என்றார். பிறகு எழும்பிப் போய்த் தன்னுடைய விஸ்கியை எடுத்துக்கொண்டு வந்தார். என் போத்தல் முக்கால்வாசி அப்படியே கிடந்தது.

அவர் பகிடி விடவில்லை, உண்மையைத்தான் சொன்னார். மிளகாயில் இருக்கும் கப்சைசின் நாக்கில் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, அதனால்தான் உறைப்பை நாங்கள் எரிவு என்கிறோம். மதுசாரமும் அதே இடத்தைத்தான் போய்த் தட்டும். 15 சதவீத மதுசாரம் உள்ள ஷிராஸை யாழ்ப்பாணத்துக் கறித்தூளின்மேல் ஊற்றினால் எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி. இதோடு சிவப்பு வைனில் டனின் என்று ஒன்று இருக்கிறது. கடும் சாயத் தேத்தண்ணி குடித்தால் வாய் துவர்த்து வறண்டுபோகுமே, அதே சாமான். உமிழ்நீரில் உள்ள வழுவழுப்பை அது பிடித்துக்கொண்டு போய்விடும், உறைப்பு நேராக நாக்கில் இறங்கும். வெள்ளைக்காரர் வீட்டில் உப்பும் மிளகும் மட்டும் போட்டு வாட்டிய மாட்டிறைச்சிக்கு அந்த டனின் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே கொழுப்பும் புரதமும் அதை வாங்கிக்கொள்ளும், இடையில் புகுந்து குழப்புவதற்கு மிளகாய் இல்லை.

ஆகவே எங்கள் மேசைக்கு நிறத்தைப் பார்த்து வைன் வாங்கக் கூடாது. பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று மதுசாரம் எத்தனை சதவீதம், மற்றது லீற்றருக்கு எத்தனை கிராம் சீனி. கீழே எழுதியிருப்பதில் பாதி இந்த இரண்டு எண்களைப் பற்றித்தான்.

கடைக்குப் போகமுதல்

முதலில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். எல்லாரும் போத்தலில் தொடங்குவார்கள், ஆனால் ஆட்களில்தான் தொடங்க வேண்டும். எங்கள் வீடுகளில் மார்கழி ஒரு கலப்பு மாதம். கத்தோலிக்கர் பக்கத்தில் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து சாப்பாடு, சைவர் பக்கத்தில் பிள்ளையார் கதை, திருவெம்பாவை என்று விரதம் வரிசையாக வரும், ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒருவராவது இருப்பார். 20 பேரை அழைத்தால் குடிப்பவர்கள் 12 பேர்தான் தேறுவார்கள், அதில் நாலு பேர் விஸ்கியை விட்டு அசைய மாட்டார்கள். மிச்சம் எட்டுப் பேர். ஐந்து மணித்தியால விருந்தில் ஆளுக்கு மூன்று கிளாஸ் என்று வைத்தால் 24 கிளாஸ். 750 மில்லிலீற்றர் போத்தலில் 150 மில்லிப்படி ஐந்து கிளாஸ் வரும். ஐந்து போத்தல் போதும், ஆறு வாங்கினால் நிம்மதி. 12 போத்தல் பெட்டி வாங்கி வைக்கத் தேவையே இல்லை. தப்பித்தவறிக் கூட வாங்கிவிட்டாலும், ஒன்ராறியோ அரசின் மதுக்கடைகளான எல்சிபிஓ கடைகள் திறக்காத போத்தலைப் பற்றுச்சீட்டுடன் 30 நாளுக்குள் திருப்பி எடுக்கும், அதனால் அந்தத் துண்டைக் கசக்கி எறிய வேண்டாம்.

அடுத்தது சமையல் பட்டியல். முழுப் பட்டியலும் வேண்டாம், மேசையில் எது ஆக உறைப்பு, எது ஆக இனிப்பு என்று இரண்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் எங்கள் விருந்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுவது கிடையாது. எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும், ஒரே தட்டில் மஞ்சள் சோறு, வான்கோழி, ஆட்டிறைச்சி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் ஏறும். "மீனுக்கு இது, கோழிக்கு அது" என்று பிரித்துக் கொடுக்கும் அட்டவணைகள் இந்தத் தட்டைக் கண்டால் திகைத்துப்போகும். ஆக உறைப்பான கறியைச் சமாளிக்கிற வைன் மற்ற எல்லாவற்றையும் சமாளித்துவிடும், இதுதான் என் கணக்கு.

கடையில் அந்த இரண்டு எண்கள்

மதுசாரம் போத்தலிலேயே இருக்கும். சீனி பெரும்பாலும் போத்தலில் இருக்காது. எல்சிபிஓவில் தட்டில் விலை எழுதிய சின்ன அட்டையைப் பாருங்கள், லீற்றருக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், அவர்களுடைய இணையத்தளத்திலும் இருக்கும். ஐந்துக்குக் கீழே என்றால் இனிப்பே தெரியாது. 10 முதல் 30 வரை என்றால் இலேசான இனிப்பு, எங்கள் சாப்பாட்டுக்கு இதுதான் நல்ல இடம். 45க்கு மேல் போனால் கறியோடு அல்ல, கேக்கோடு யோசிக்க வேண்டியது.

"ஐயோ, இனிப்பு வைனா, அது குடிக்கத் தெரியாதவர்களுக்கு" என்று ஒரு அண்ணா கட்டாயம் சொல்லுவார். அவருக்குத் தேசிக்காய்த் தண்ணியை நினைவுபடுத்துங்கள். சீனி போடாமல் யாரும் குடிப்பதில்லை, போட்டாலும் அதை இனிப்புத் தண்ணி என்று யாரும் சொல்வதில்லை. புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும். புளிப்புக் கூடிய திராட்சையில் 20 கிராம் சீனி இருந்தாலும் வாயில் துப்புரவாகத்தான் இருக்கும், உறைப்பை மட்டும் தணித்துவிடும்.

மதுசாரமும் சீனியும் அநேகமாக ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் போகும். திராட்சையின் சீனியை ஈஸ்ட் தின்றுதான் மதுசாரம் ஆக்குகிறது, பாதியில் நிறுத்தினால் சீனி மிஞ்சும், மதுசாரம் குறையும். அதனால் ஜேர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் வெள்ளை வைன் ஒன்றில் எட்டு, ஒன்பது சதவீதம் என்று கண்டால் அட்டையைப் பார்க்காமலே சொல்லலாம், அதில் இனிப்பு இருக்கிறது. அதே ஜேர்மன் போத்தலில் ட்ரோக்கன் என்று எழுதியிருந்தால் இனிப்பில்லாதது, கறிக்கு வேண்டாம்.

பச்சையான கணக்கு இதுதான்: 12க்கு மேற்படாத மதுசாரம், 10 முதல் 30 கிராம் சீனி.

எதை எடுப்பது

வாசலில் சப்பாத்தைக் கழற்றி, ஜக்கெற்றைக் கட்டிலில் குவித்துவிட்டு வருகிறவர்கள் கையில் முதலில் கொடுப்பது ரோல்ஸ், கட்லட், பற்றிஸ். பொரித்த, உப்பான, கொஞ்சம் உறைப்பான சாமான். இதற்குக் குமிழி வைனை அடிக்க ஆளில்லை, சோடா மாதிரி எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிக்கொண்டு போகும். ஆனால் ஷாம்பெயின் என்ற பெயருக்காகக் காசைக் கொட்டாதீர்கள். அது பிரான்சில் ஷாம்பெயின் என்ற ஊர்ப்பகுதியில் செய்வதற்கு மட்டும் உள்ள பெயர். ஸ்பெயினின் காவாவும், பிரான்சின் மற்றப் பகுதிகளில் செய்யும் கிரெமானும் அதே முறையில் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்துச் செய்பவை, விலை பாதிக்கும் கீழே. இத்தாலியின் புரோசெக்கோ பெரிய தொட்டியில் நொதிப்பது, பழவாசம் கூட, இன்னும் மலிவு. கட்லட்டுக்கு எனக்குப் புரோசெக்கோதான் பிடிக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குமிழி வைனில் எக்ஸ்ட்ரா ட்ரை என்று எழுதியிருந்தால் அது ஆக இனிப்பில்லாதது என்று நினைப்போம். இல்லை! ப்ரூட் என்பதில் சீனி 12 கிராமுக்குள் இருக்கும், எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 வரை. அதாவது எக்ஸ்ட்ரா ட்ரைதான் இனிப்பு. இந்தப் பெயரை வைத்தவரை எனக்கு ஒருநாள் சந்திக்க வேண்டும். எங்களுக்கு அது வசதிதான், உறைப்புக் கட்லட்டுக்கு எக்ஸ்ட்ரா ட்ரை எடுங்கள்.

இனி சாப்பாட்டு மேசை. ஒரே ஒரு வைன்தான் வாங்குவேன் என்றால் ரீஸ்லிங் வாங்குங்கள். ரொறொன்ரோவில் இருப்பவர்களுக்கு இது அதிர்ஷ்டம், ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் நயாகராவில் இந்தத் திராட்சை அருமையாக வருகிறது, 20 டொலருக்குள் நல்ல போத்தல் கிடைக்கும். போத்தலில் விகியூஏ (VQA) என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் முழுக்க ஒன்ராறியோத் திராட்சை. கனடாவின் பேரோடு, மேப்பிள் இலைக்குக் குறைவில்லாத படங்களோடு நிற்கும் சில மலிவுப் போத்தல்களில் வெளிநாட்டிலிருந்து தொகையாக இறக்கிய வைன் கலந்திருக்கும், பின்பக்க லேபிளில் சின்ன எழுத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள்.

இந்த ரீஸ்லிங்கை நன்றாகக் குளிரவைத்து ஆட்டிறைச்சிக் கறியோடு ஒருமுறை குடித்துப் பாருங்கள். முதல் வாய் கறி, எரிவு ஏறுகிற நேரம், ஒரு மிடறு. குளிர் முதலில் எரிவைப் பிடிக்கும், சீனி அதை இறக்கும், பிறகு புளிப்பு வந்து தேங்காய்ப்பாலின் கொழுப்பை நாக்கிலிருந்து துடைத்தெடுக்கும், அப்போது மல்லியும் பெருஞ்சீரகமும் கறுவாவும் தனித்தனியாகத் தெரியும், அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகும். பால்கறிக்கும், சொதியோடு இடியப்பத்துக்கும், இறாலுக்கும் இதே போத்தல்தான். விரதகாரருக்குத் தனியாகச் சமைத்த மரக்கறிகளை வந்தவர்களெல்லாம் எடுத்துச் சாப்பிடுவார்கள், அதற்கும் இதுவே.

கொஞ்சம் விளையாட்டுக் காட்ட வேண்டுமென்றால் கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை வைன். பெயரைச் சொல்லப் பயப்பட வேண்டாம், அட்டையைக் காட்டிக் கேளுங்கள். பிரான்சின் அல்சாஸ் பகுதிப் போத்தல்கள் பேர்போனவை. மூடியைத் திறந்ததும் லீச்சி வாசம் வரும், எங்கள் ஆட்கள் மூக்கை வைத்துவிட்டு ரம்புட்டான் என்பார்கள். நண்டுக் கறிக்கு நல்லது. மதுசாரம் சில வேளை 13, 14 வரை போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு இல்லாவிட்டால் விருந்தாகத் தெரியாது என்பவர்களுக்குக் கமே. பிரான்சின் போஜோலே வைன் செய்யப்படும் திராட்சை, நயாகராவிலும் நிறைய வருகிறது. டனின் குறைவு, பழவாசம் கூட, இலேசாகக் குளிரவைத்தும் குடிக்கலாம். சீனி கிடையாது என்பதால் ஆக உறைப்பான கறிக்கு ரீஸ்லிங் அளவுக்கு வராது, ஆனால் வான்கோழிக்கு இதுதான் சரி. வான்கோழி வறண்ட இறைச்சி, பக்கத்தில் கிரான்பெரி சோஸ் புளிப்பும் இனிப்புமாக இருக்கும், பாரமான சிவப்பு வைன் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். பினோ நுவாரும் ஆகும், விலை கூட. ஒன்ராறியோவில் பாக்கோ நுவார் என்று ஒரு கலப்பினத் திராட்சை இருக்கிறது, டனின் குறைவு, கொஞ்சம் புகைவாசம், பன்றி இறைச்சிப் பிரட்டலுக்கு நான் அதைத்தான் வைப்பேன். கபர்னே சோவினியோன், மால்பெக், என்னுடைய அந்த ஷிராஸ் எல்லாம் நல்ல வைன்கள்தான், அவற்றை வாட்டிய இறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓக் பீப்பாய் வாசம் தூக்கலான ஷார்டனேயும் எங்கள் கறியோடு கசக்கும்.

கேக் நேரத்துக்கு ஒரே சட்டம்: வைன் கேக்கைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வைன் புளித்துப்போன மாதிரித் தெரியும். கஜுவும் ரவையும் பிராந்தியில் ஊறிய பழமும் போட்ட எங்கள் ரிச் கேக்குக்குப் போர்த்துக்கல் நாட்டு டோனி போர்ட் என்ற இனிப்பு வைன். அது 20 சதவீதம் வரை மதுசாரம் உள்ளது, சின்னக் கிளாஸில் இரண்டு விரல் அளவு. அதிலும் கருகின சீனியும் கொட்டை வாசமும் இருப்பதால் வட்டிலப்பத்துக்கும் அது நன்றாகப் போகும். ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த விருந்தாளி இருந்தால் ஐஸ்வைன் வாங்கிக் காட்டலாம். கொடியிலேயே திராட்சையை விட்டு, குளிர் மைனஸ் 8 பாகைக்கு இறங்கிய பிறகு, அநேகமாக நடுராத்திரியில், உறைந்த பழமாகவே பறித்துப் பிழிவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளேயே நின்றுவிடும், தேன் மாதிரிச் சாறு கொஞ்சமாகச் சொட்டும், அதனால்தான் அந்த விலை. நயாகராவின் இனிஸ்கிலின் என்ற வைன் ஆலை 1989ஆம் ஆண்டு விடால் திராட்சையில் செய்த ஐஸ்வைன் 1991இல் பிரான்சின் போர்தோ நகரில் நடந்த வினெக்ஸ்போ வைன் கண்காட்சியில் மேல்பரிசு வாங்கிய பிறகுதான் உலகம் கனடாவைத் திரும்பிப் பார்த்தது. 200 மில்லிப் போத்தல் எடுங்கள், ஆறேழு பேருக்கு ஒரு வாய் வீதம் போதும்.

மச்சம் தொடாதவர்கள் வைன் குடிப்பதாக இருந்தால் ஒரு விசயம். சில வைன்களைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால்புரதம், மீன் காற்றுப்பையில் எடுக்கும் பசை எல்லாம் பாவிக்கிறார்கள். வீகன் என்று குறித்த போத்தல்களில் இந்தச் சிக்கல் இல்லை. குடிக்காதவர்களுக்கு இஞ்சிச் சோடாவோ குமிழி ஆப்பிள் சாறோ அதே நீண்ட கிளாஸில் ஊற்றிக் கொடுங்கள், "ஏன் குடிக்கேல்லை" என்று நாலு பேர் கேட்கும் தொல்லை அவர்களுக்கு இருக்காது. மதுசாரம் நீக்கிய வைன் என்று விற்பதில் துளி மதுசாரம் மிஞ்சியிருக்கலாம், மாலை போட்டவருக்கு அதை நீட்ட வேண்டாம்.

குளிரவைப்பது, திறப்பது

வெள்ளை வைன் பிரிட்ஜில் மூன்று மணித்தியாலம் இருக்கட்டும். குமிழி வைனும் அப்படியே. கமேயை அரை மணித்தியாலம். சிவப்பு வைனை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று சொன்ன காலத்தில் அறைகள் 22 பாகையில் ஹீற்றர் போட்டுக்கொண்டு இருக்கவில்லை. அவசரம் என்றால் ஒரு வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு பிடி உப்பு, அதற்குள் போத்தலை 20 நிமிடம் அமிழ்த்துங்கள். வெறும் ஐஸைவிட ஐஸ் தண்ணீர்தான் கெதியாகக் குளிரவைக்கும்.

வெளியில் பனி கிடக்கிறதே, அதில் குத்திவைத்தால் என்ன? நான் வைத்தேன். ஒரு டிசம்பர் 31, பின்கட்டில் இரண்டு புரோசெக்கோ போத்தலைப் பனிக்குவியலில் புதைத்துவிட்டு, வந்த சனத்தோடு கதைத்துக் கதைத்து மறந்துபோனேன். வைன் மைனஸ் 5, 6 பாகையிலேயே உறையத் தொடங்கும், அன்றைக்கு மைனஸ் 18. பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தால் ஒன்று தக்கையைத் தானே தள்ளிவிட்டு வெள்ளையாகப் பூத்து நின்றது, மற்றது உள்ளே அரைத்த ஐஸ். நள்ளிரவு பன்னிரண்டுக்கு எல்லாரும் விஸ்கியால் வாழ்த்துச் சொன்னார்கள். காரின் டிக்கியில் வைன் போத்தலை இரவு முழுக்க விடுவதும் இதே கதைதான்.

குமிழி வைன் போத்தலுக்குள் இருக்கும் அமுக்கம் கார் ரயரைவிட இரண்டு, மூன்று மடங்கு. கம்பி மூடியைத் தளர்த்தத் தொடங்கியதிலிருந்து பெருவிரலைத் தக்கையின்மேலிருந்து எடுக்காதீர்கள், வாயை ஆட்களுக்கோ மின்விளக்குக்கோ நேரே பிடிக்காதீர்கள். தக்கையைத் திருகாமல் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போத்தலின் அடியைத் திருகுங்கள். பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள். டப் என்று வெடிக்கவைத்தால் கைதட்டல் கிடைக்கும், கால்வாசி வைன் கம்பளத்தில் கிடக்கும்.

சாதாரண வைனைத் திறந்ததும் முதலில் நீங்கள் மணந்து பாருங்கள். நனைந்த கடதாசிப் பெட்டி வாசம் அடித்தால் தக்கையில் பழுது, வைத்திருந்தால் சரியாகாது, கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம். திருகு மூடிப் போத்தல் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதில் அநேகமாக இல்லை என்று சொல்லுங்கள்.

கிளாஸில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஐஸ் போடலாமா என்று பெரியம்மா கேட்டால் போட்டுக் கொடுங்கள், வீட்டில் நடக்கும் விருந்துக்கு யார் வந்து புள்ளி போடப் போகிறார்கள். கொக்கா கோலா ஊற்றக் கேட்கும் மச்சானுக்கு மட்டும் மலிவுப் போத்தலைத் திறந்து கொடுங்கள்.

வீட்டுக்குப் போகும் நேரம்

நத்தார், புதுவருசக் காலத்தில் ஒன்ராறியோப் பொலிஸ் வீதியை மறித்து ஊதவைக்கும். இரத்தத்தில் மதுசாரம் 0.05 இருந்தாலே சாரதிப் பத்திரத்தை அந்த இடத்திலேயே சில நாளுக்கு எடுத்துவிடுவார்கள், 0.08 குற்றவியல் வழக்கு. "தம்பி ஓட்டுவான்" என்று நம்பியிருப்பவர்கள் கவனியுங்கள், 21 வயது வரை ஓட்டுபவருக்கு எல்லை பூச்சியம், ஒரு கிளாஸ் குமிழி வைன்கூட ஆகாது. யார் ஓட்டுவது என்பதை ரோல்ஸ் வரமுதலே முடிவுசெய்துவிடுங்கள். திறந்த போத்தலை யாராவது கொண்டுபோகிறார்கள் என்றால் மூடி, பையில் கட்டி, டிக்கிக்குள் வையுங்கள், காருக்குள் கையெட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்.

மிஞ்சியதை மூடி பிரிட்ஜில் வைத்தால் ரீஸ்லிங் நாலு நாள் தாங்கும், சிவப்பு மூன்று நாள், அதையும் பிரிட்ஜிலேயே வையுங்கள். குமிழி வைனுக்குக் கவ்விப் பிடிக்கும் மூடி சில டொலருக்குக் கிடைக்கும். போத்தல் வாயில் கரண்டியைச் செருகி வைக்கும் வைத்தியத்தால் ஒரு பயனும் இல்லை. 26ஆம் திகதி மத்தியானம், ஒரு நாள் கிடந்து ஊறிய ஆட்டிறைச்சிக் கறி, றோஸ் பாண், அந்த அரைப் போத்தல் ரீஸ்லிங். மாமாவும் இப்போது விஸ்கியைத் தள்ளிவைத்துவிட்டு அதற்குத்தான் கதிரையை இழுத்துப் போடுகிறார்.